படைமுகாமில் ஒரு வழிபாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். வடபகுதி மாநிலங்களும் தென்பகுதி மாநிலங்களும் ஒன்றையொன்று எதிர்த்துப் பொருத அப்போருக்கு அடிப்படைக் காரணமாக இருந்தது அடிமை முறை. ஏறத்தாழ நாற்பது இலட்சம் மனிதர்கள், கால்நடைகளைப் போல வாங்கவும் விற்கவும் தக்கவராய் அந்நாட்டில் வைக்கப்பட்டிருந்தனர். போர் மூன்றாம் ஆண்டில் நடந்துகொண்டிருந்த 1863-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பிலடெல்பியா நகருக்கு வடக்கே புதிதாக எழுந்த ஒரு படைமுகாமில், எழுபது வயது மூதாட்டி ஒருவர் வீரர்கள் நடுவே நின்று அறவுரை ஆற்றினார். அவர் கொல்லாமையை வாழ்நாள் நெறியாகக் கொண்டவர். கேட்டு நின்றவர்களோ துப்பாக்கி ஏந்தப் பழகிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர்கள். அவர்களுடைய இனத்தாரின் விடுதலைக்காகவே அம்மூதாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருந்தார்.

அவர்தாம் லுக்ரீஷியா மோட் அம்மையார். பெண்ணுரிமை வரலாற்றிலும் அடிமை ஒழிப்பு வரலாற்றிலும் அவர் பெயரைக் காணாத நூல் இல்லை. எனினும் நாம் இங்கு எடுத்துக்கொள்வது, போர்க்காலத்தில் அகிம்சையைப் பற்றி நின்ற ஒருவர் அடைந்த சோதனையை. அதனை உணர வேண்டுமாயின் அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்தே பார்த்து வருதல் நலம்.

மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் நான்டக்கெட் என்னும் சிறு தீவு உள்ளது. அங்கு 1793-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் லுக்ரீஷியா பிறந்தார். தந்தை தாமஸ் காஃபின் கப்பல் தலைவர், தாய் அன்னா. தீவின் ஆடவர் பலர் திமிங்கில வேட்டைக்குச் சென்றால் ஆண்டுக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். வீட்டையும் கடையையும் கொடுக்கல் வாங்கலையும் பெண்களே நடத்தி வந்தனர். அன்னா அம்மையாரும் கடை வைத்திருந்தார். பெண்ணுக்கு ஆணைவிட அறிவு குறைவு என்ற பேச்சு அத்தீவில் எடுபடவில்லை என்பதில் வியப்பில்லை. அத்தீவினர் பெரும்பாலும் குவேக்கர் சமயத்தார். மனிதரைக் கொல்லலாகாது என்று உறுதி பூண்ட அவர்கள், திமிங்கிலத்தைக் கொன்று எண்ணெய் எடுப்பதில் பிழை காணவில்லை. அவர்தம் கருணை மனிதரோடு நின்றுவிட்டது என்பதை நம் இல்லத்தார் கவனியாமல் இரார். அதற்காக அவர்களுடைய மற்றைய பெருமையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

குவேக்கர் என்போர் யார்? பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரால் தோன்றிய கிறித்தவக் கூட்டத்தார். நண்பர்கள் சங்கம் என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். அதுவும் ஓர் உள்நாட்டுப் போரின் காலமே. மன்னர் தரப்பும் பாராளுமன்றத் தரப்பும் மோதிக்கொண்ட காலம். சிறையில் இருந்த ஃபாக்ஸுக்கு 1651-இல் படைத்தலைமை ஒன்று தர முன்வந்தபோது அவர் அதனை மறுத்துச் சிறையிலேயே தங்கினார். எக்காரணம் பற்றியும் படைக்கலம் ஏந்துவதில்லை என்று 1661-இல் அவர்கள் மன்னருக்கு எழுத்து வடிவில் தெரிவித்தனர். ஒவ்வொரு மனிதருள்ளும் இறைவனின் ஒளி உண்டு என்பது அவர்கள் கொள்கையின் வேர். ஆதலால் கொல்லுதலும் இயலாது. அடிமை கொள்ளுதலும் இயலாது. ஆனால் இரண்டாவதை அவர்கள் உணர நெடுங்காலம் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அமெரிக்கக் குவேக்கர் தம்மிடையே அடிமை வைத்திருத்தலை முற்றாக விலக்கினர்.

அவர்கள் வழிபாடு எளிமையானது. ஆலயம் போன்ற கட்டடம் இல்லை, கூடமொன்றே உண்டு. சிலை இல்லை, பலிபீடம் இல்லை, பாட்டு இல்லை, குருமார் இல்லை. அக்காலத்தில் மரப்பலகைகளில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமும் அமர்ந்து, பேச்சின்றி உள்நோக்கியிருந்தனர். நம் சாமாயிகத்தில் அமர்ந்து பழகியவர்க்கு அம்மௌனம் அயலாகத் தோன்றாது. யாருக்கேனும் உள்ளிருந்து ஒரு சொல் எழுமாயின், அவர் ஆணாயினும் பெண்ணாயினும் எழுந்து பேசலாம். யாருக்கும் எழாவிடின் ஒரு மணி நேரத்திற்கு மேலும் மௌனத்திலேயே கழியும். இறுதியில் மூத்தோர் இருவர் கைகுலுக்க, கூட்டம் கலையும். உலகின் பெரும்பாலான சபைகளில் பெண் வாய் திறக்கலாகாதென்று இருந்த காலத்தில், இக்கூட்டத்தில் பெண்கள் அறவுரை ஆற்றி வந்தனர்.

லுக்ரீஷியா பதின்மூன்று வயதில் நியூயார்க் மாநிலத்தில் குவேக்கர் நடத்திய நைன் பார்ட்னர்ஸ் என்னும் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அடிமை வாணிகத்தின் கொடுமைகளைப் பற்றிய நூல்களை அங்குப் படித்தது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆசிரியரானார். அப்போது அவர் கண்ட ஒரு செய்தி ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த நம்மைப் போன்றோர்க்கு எளிதில் விளங்கும். பெண் பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கிய கட்டணமும் ஆண் பிள்ளைகளின் கட்டணமும் ஒன்றே. ஆயின் பெண் ஆசிரியருக்குத் தந்த ஊதியமோ ஆண் ஆசிரியர் ஊதியத்தில் பாதியளவே. சமத்துவம் பேசும் சமயத்தார் பள்ளியிலேயே இந்நிலை. அந்த இளம் வயதிலேயே இவ்வநீதி தம் உள்ளத்தில் தைத்தது என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அதே பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் மோட். உயரமானவர், அமைதியானவர், குறைவாகப் பேசுபவர். லுக்ரீஷியாவோ மிகச் சிற்றுருவினர். பேச்சிலும் செயலிலும் விரைவு மிக்கவர். இருவரும் 1811-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பிலடெல்பியாவில் மணம் புரிந்தனர். ஐம்பத்தாறு ஆண்டுகள் நீடித்த அவ்வில்லறத்தில் கணவர் ஒருபோதும் மனைவியின் பொதுப்பணிக்குத் தடையாக நிற்கவில்லை. பல வேளைகளில் உடன் சென்றார். ஆறு குழந்தைகள் பிறந்தனர். அவருள் தாமஸ் என்ற சிறுவன் 1817-இல் இறந்தான். அத்துயரின் பின்னரே லுக்ரீஷியா வழிபாட்டுக் கூட்டத்தில் எழுந்து பேசத் தொடங்கினார். 1821-இல், இருபத்தெட்டு வயதில், அவரை அறவுரையாளராகச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

குவேக்கர்களுள் எலையாஸ் ஹிக்ஸ் என்ற பெரியவர், அடிமைகளின் உழைப்பில் விளைந்த பொருளைப் பயன்படுத்துவதும் அக்குற்றத்தில் பங்குகொள்வதே என்று வற்புறுத்தி வந்தார். செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இக்கருத்து புதிதன்று. மோட் இல்லத்தில் அடிமை உழைப்பால் வந்த சர்க்கரையும் பருத்தியும் விலக்கப்பட்டன. ஜேம்ஸ் அவர்களின் தொழிலோ பருத்தி வாணிகம். குடும்பம் பெருகி வந்த காலம். வருவாய் அதிலிருந்தே வந்தது. நெடுநாள் மனப்போராட்டத்திற்குப் பின் 1830-ஆம் ஆண்டளவில் அவர் பருத்தியை அறவே விட்டுக் கம்பளி வாணிகத்திற்கு மாறினார். நாவினால் அறம் பேசுவோர் பலர். வரும்படியை இழந்து அதனைக் காட்டியோர் சிலரே. அச்சிலருள் இக்கணவன் மனைவியைச் சேர்க்கலாம். 1827-இல் குவேக்கர் சங்கம் கொள்கை வேறுபாட்டால் இரண்டாகப் பிளந்தபோது இவ்விருவரும் ஹிக்ஸ் பக்கம் நின்றனர்.

1833-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் பிலடெல்பியாவில் தோன்றியது. வில்லியம் லாயிட் கேரிசன் அதன் முன்னோடி. லுக்ரீஷியா அவ்வமைப்புக் கூட்டத்தில் பேசினார். ஆனால் அறிக்கையில் கையொப்பமிடப் பெண்களை அழைக்கவில்லை. சில நாட்களிலேயே கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் ஒன்றாக இருந்த பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்றை அவரும் தோழியரும் நிறுவினர்.

1838-ஆம் ஆண்டு மே மாத நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். அடிமை ஒழிப்பாளர் பொருள் திரட்டிப் பென்சில்வேனியா மண்டபம் என்னும் பெரிய கட்டடத்தை எழுப்பி, அம்மாதம் 14-ஆம் நாள் திறந்தனர். அங்குப் பெண்கள் மாநாடு கூடியது. இரு நிறத்துப் பெண்களும் அருகருகே அமர்ந்தது கண்டு வெளியே கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. கறுப்பினப் பெண்கள் தனித்துச் செல்வது ஆபத்து என்பதால், ஒவ்வொரு வெள்ளையினப் பெண்ணும் ஒரு கறுப்பினப் பெண்ணின் கையைக் கோத்துக்கொண்டு வெறியர் கூட்டத்தின் நடுவே நடந்து வெளியேறினர். 17-ஆம் நாள் இரவு மண்டபம் தீக்கிரையாயிற்று. திறந்து நான்கு நாட்கூட ஆகவில்லை. அடுத்து மோட் இல்லத்தைத் தாக்க வேண்டுமென்று கூட்டம் கிளம்பியது. பிள்ளைகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுக் கணவனும் மனைவியும் நண்பர் சிலருடன் கூடத்தில் அமர்ந்து காத்திருந்தனர். கதவருகே தடியோ துப்பாக்கியோ ஏந்திய காவலர் எவரையும் நிறுத்தவில்லை. கூட்டத்துள் புகுந்த ஒரு நண்பர், வழிகாட்டுவார் போல முன்னே ஓடி, வேறு தெருவுக்கு அவர்களைத் திருப்பிவிட்டதால் வீடு பிழைத்தது. மறுநாள் அப்பெண்கள் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடி மாநாட்டைத் தொடர்ந்து நடத்தி முடித்தனர்.

இதே ஆண்டில் கேரிசனும் பிறரும் எதிர்ப்படை கொள்ளாமைச் சங்கம் ஒன்றை பாஸ்டன் நகரில் அமைத்தனர். தீமையைப் படைபலத்தால் எதிர்ப்பதில்லை என்பது அதன் உறுதி. லுக்ரீஷியாவும் அவ்வியக்கத்தில் பங்குகொண்டார். அச்சங்கத்தின் அறிக்கையையே பின்னாளில் டால்ஸ்டாய் தம் நூலில் எடுத்துப் போற்றினார். அந்நூலைத் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் 1894-இல் படித்து உள்ளம் மாறினார். காந்தியடிகளின் மனத்தை உருவாக்கியவர்களுள் டால்ஸ்டாயோடு சமணப் பெரியார் இராயசந்திரரும் ஒருவர் என்பது நம்மவர் அனைவரும் அறிந்ததே. அறம் எந்த வழியாக எங்குச் சென்று எதனோடு கலக்கிறது என்பதை யார் கணக்கிட வல்லார்!

1840-இல் இலண்டனில் நடந்த உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்கு அவர் பேராளராகச் சென்றும், பெண் என்பதால் இருக்கை மறுக்கப்பட்டுத் திரைக்குப் பின்னே அமர நேர்ந்தது. அங்குச் சந்தித்த எலிசபெத் கேடி ஸ்டான்டன் என்ற இளம்பெண்ணோடு சேர்ந்து 1848 ஜூலையில் செனகா ஃபால்ஸ் என்னும் ஊரில் முதல் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினார். இவை பலரும் எழுதிய செய்திகள், விரிக்க வேண்டுவதில்லை.

அவ்வளவாக எழுதப்படாத ஒன்றுண்டு. அவருக்குப் பெரும் தொல்லை தந்தோர் வெளியாரைவிடத் தம் சங்கத்தாரே. உலக விவகாரங்களில் கலவாமல் அமைதியாக இருப்பதே சமயம் என்று கருதிய மூத்தோர், இவரைச் சங்கத்திலிருந்து நீக்க வழி தேடினர். 1847-இல் இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகர்க் குவேக்கர் கூட்டத்துக்குச் சென்றபோது அவர் கடும் நோயுற்றார். மருந்து கேட்டபோது, குவேக்கரான மருத்துவர் ஒருவர், இவருடைய கலக மனப்பான்மை தம்மை வருத்துகிறது என்று கூறி மருத்துவம் செய்ய மறுத்துவிட்டார். இவ்வளவு இருந்தும் அவர் சங்கத்தை விட்டு விலகவில்லை. விலக்குதற்கு ஒரு காரணமும் தரவில்லை. விதிகளை அவ்வளவு நுணுக்கமாக அறிந்து கடைப்பிடித்தார். நம் இயக்கங்களில் மனக்கசப்பு வந்ததும் தனிச் சங்கம் காண விரைவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

1857-இல் மோட் குடும்பம் நகரை விட்டுச் சில கல் வடக்கே செல்டன் ஹில்ஸ் பகுதியில் சாலையோர வீடொன்றில் குடியேறியது. ரோட்சைடு என்றே அதற்குப் பெயர். ஓய்வுக்கென்று சென்ற இடம் அது. ஓய்வு கிட்டவில்லை. 1859 ஏப்ரலில் டேனியல் டேஞ்சர்ஃபீல்ட் என்பவரைத் தப்பியோடிய அடிமை எனப் பிடித்துப் பிலடெல்பியாவில் விசாரித்தனர். விசாரணை இரவு முழுவதும் நீண்டது. அறுபத்தாறு வயது அம்மையார் அந்த மனிதருக்கு அருகிலேயே விடியும் வரை அமர்ந்திருந்தார். உரிமை கோரியவர் காட்டிய உயர அளவு பொருந்தவில்லை என்று கூறி அவரை விடுவித்தனர்.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஜான் பிரவுன் என்பார் படைக்கலத்தோடு வர்ஜீனியாவில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையைத் தாக்கி, அடிமைகளின் கிளர்ச்சியைத் தூண்ட முயன்று பிடிபட்டார். தூக்குத் தண்டனைக்குக் காத்திருந்த அவர் மனைவி மேரி, கணவரின் முடிவு நெருங்கிய நாட்களில் தங்கியிருந்தது ரோட்சைடு இல்லத்திலேதான். பிரவுன் டிசம்பர் 2-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். வாளேந்தியவரின் மனைவிக்கு வாளை வெறுத்தவர் வீட்டில் அடைக்கலம்! அடுத்த ஆண்டு அக்டோபரில் நடந்த சங்கக் கூட்டத்தில் லுக்ரீஷியா இதுபற்றித் தம் நிலையை விளக்கினார். தாம் போற்றுவது பிரவுனின் மன உரத்தையும் பிறருக்காக உயிர் தந்த பண்பையுமே, அவர் ஏந்திய கருவியை அன்று என்றார். அகிம்சை என்பது அடங்கிக் கிடத்தல் ஆகாது, தாம் அடிமை முறையோடு ஓயாமல் போரிடுபவரே, அதற்கான கருவிகள் மட்டுமே வேறு என்றும் தெளிவுபடுத்தினார். இவ்வேறுபாட்டை அமைதிக் காலத்தில் நாவால் கூறுதல் எளிது. விரைவில் அதனைக் கூற இயலாத காலம் வந்தது.

1861 ஏப்ரல் 12-ஆம் நாள் தென்கரோலினாவில் சம்டர் கோட்டை மேல் குண்டு விழுந்தது. போர் மூண்டது. குவேக்கர் கூட்டங்களில் பெரும் குழப்பம் நேர்ந்தது. இருநூறு ஆண்டுகளாகப் படைக்கலம் தொடாதவர்களின் பிள்ளைகள், அடிமை ஒழிப்பையும் அவ்வளவே உறுதியாகப் பெற்றோரிடம் கற்றவர்கள். எந்தப் பாடத்தை விடுவது? பலர் படையில் சேர்ந்தனர். பலர் மறுத்து இன்னலுற்றனர். லுக்ரீஷியாவின் மருமகன் எட்வர்ட் டேவிஸே ஃபிரீமாண்ட் தளபதியின் அலுவலராக மிசூரிக்குச் சென்றார். 1863-இல் கட்டாயப் படைச்சட்டம் வந்தபோது 300 டாலர் செலுத்தி விலக்குப் பெறலாம் என்றனர். அப்பணம் போருக்கே பயன்படுமானால் அதனைக் கொடுப்பதும் கொலைக்கு உடன்படுதலே என்று சிலர் மறுத்தனர். 1864 பிப்ரவரியில் சட்டம் திருத்தப்பட்டது. கொள்கையால் போரிட மறுப்போர் மருத்துவமனைகளிலோ விடுதலை பெற்ற அடிமைகளுக்கான பணியிலோ ஈடுபடலாம், அன்றேல் நோயுற்ற காயமுற்ற வீரர்களின் நலனுக்கென அத்தொகையைச் செலுத்தலாம் என்றாயிற்று.

ஞாயிறுதோறும் மௌனத்தில் அமர்ந்த அக்கூடங்களை நாம் எண்ணிப் பார்க்கிறோம். மகனைப் போருக்கு அனுப்பிய தாயும், மகனைப் போக விடாது தடுத்த தாயும் ஒரே பலகையில் அருகருகே அமர்ந்திருப்பர். ஒருவரும் பேசாத அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு கனத்திருக்கும்!

அந்நாட்களில் குவேக்கர்கள் தம் குரலைக் குடியரசுத் தலைவர் இலிங்கனிடமும் கொண்டு சென்றனர். 1862 ஜூன் 20-ஆம் நாள் லாங்வுட் என்ற ஊரின் முற்போக்குக் குவேக்கர்கள், மூன்று ஆண்களும் மூன்று பெண்களுமாகச் சென்று அடிமைகளை விடுவிக்குமாறு வேண்டினர். அக்டோபர் 26-ஆம் நாள் எலிசா கர்னி என்ற அம்மையாரும் நண்பர் மூவரும் வெள்ளை மாளிகைக்குச் சென்றனர். தலைவரோடு சேர்ந்து மௌனத்தில் அமர்ந்தனர்; பின் அவ்வம்மையார் மண்டியிட்டு அவருக்காக வேண்டினார். போர் நடத்தும் தலைவரின் அறையே சற்றுநேரம் வழிபாட்டுக் கூடமாயிற்று. விடுதலை அறிக்கை 1863 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது.

லுக்ரீஷியாவின் மனநிலை எத்தகையது? இப்போர் நாட்டார் நெடுங்காலம் செய்த கொடுமைகளின் இயல்பான விளைவு என்று அவர் கருதினார். வினைப்பயன் என்று ஒரே சொல்லில் நாம் கூறிவிடக்கூடிய கருத்து அது. அடிமை முறையை அப்படியே விட்டுவைத்து வடக்கும் தெற்கும் சமரசம் செய்துகொள்ளுமோ என்பதே அவரது பேரச்சம். அத்தகைய சமாதானத்தை அவர் சமாதானமாகக் கொள்ளவில்லை. போரை வாழ்த்தவும் முடியவில்லை. போர் பாதியில் நின்று அடிமை முறை பிழைப்பதையும் விரும்ப முடியவில்லை. இந்த இடுக்கண் அவரை இறுதிவரை விட்டதாகத் தெரியவில்லை. அவரைப் போற்றுவோர் சிலர் இதனை மறைத்தே எழுதுகின்றனர். மறைக்க வேண்டியதென்று நாம் கருதவில்லை.

இந்நிலையில் போர் அவர் வீட்டு வாயிலுக்கே வந்தது. விடுதலை அறிக்கைக்குப் பின் கறுப்பினத்தாரை வடபகுதிப் படையில் சேர்க்க அரசு இசைந்தது. பிலடெல்பியாப் பகுதியில் அவர்களைப் பயிற்றுவிக்க இடம் வேண்டியிருந்தது. ரோட்சைடு இல்லத்துக்கு அருகில் மருமகன் டேவிஸுக்கு உரிய நிலத்தில் 1863-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் முகாம் எழுந்தது. அதற்கு வைத்த பெயர்தான் வேடிக்கையானது: வில்லியம் பென் முகாம். குவேக்கராய் வாழ்ந்து, பென்சில்வேனியாவைப் படையின்றி ஆள முயன்ற வில்லியம் பென்னின் பெயர் படைமுகாமுக்கு! முகாமின் கொட்டகைகள் வீட்டிலிருந்தே தெரிந்தன, முரசொலி கேட்டது. வீட்டார் கவனம் முழுவதையும் அம்முகாமே கவர்ந்துகொண்டது என்று அம்மையார் தம் மடலில் எழுதினார்.

ஜூலை முதல் மூன்று நாட்கள் அதே மாநிலத்தில், மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் கெட்டிஸ்பர்க் களத்தில் இருதரப்பிலுமாக ஐம்பதினாயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். அச்செய்தி ஆறாத அந்த மாதத்தில்தான் லூயிஸ் வாக்னர் என்பாரின் தலைமையில் இருந்த முகாமில் லுக்ரீஷியா வீரர்களிடையே பேசினார். சிற்றுருவினர் ஆதலால் அனைவரும் காணும்படி ஒரு முரசின் மேல் ஏறி நின்றார் என்பது வழங்கி வரும் செய்தி. சாம்பல் நிற எளிய உடை, வெள்ளைத் தலைச்சீலை, எதிரே நீல உடையில் நூற்றுக்கணக்கான கறுப்பின இளைஞர்கள். போர் என்பதே இல்லாத காலம் ஒன்று வரும் என்ற தம் நம்பிக்கையை அங்கும் அவர் விடாமல் எடுத்துரைத்தார் என்பர். அவ்வீரர்களை ஆயுதம் ஏந்தியதற்காகக் கடிந்துகொள்ளவும் இல்லை. பகைவரை அழித்து வருக என்று வாழ்த்தவும் இல்லை. அதே முகாமில் பிரடெரிக் டக்ளஸும் பேசினார். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்து, கறுப்பினத்தாரைப் படைக்கு அழைத்து, தம் புதல்வரையும் அனுப்பியவர் அவர். இருவரும் நெடுநாள் தோழர்கள். ஒரே மக்களிடம் இருவரும் இருவேறு சொற்களைச் சொல்ல நேர்ந்தது.

கொல்லாமை பேசுபவர் முகாமுக்குள் காலடி வைத்ததே போருக்கு உடன்பட்டதாகும் என்று கூறுவோர் இருக்கலாம். அதற்கும் நியாயம் உண்டு. ஆயினும் போகாமல் இருந்திருந்தால் என்ன? அடிமைகளுக்கு மறைவிடம் தந்த வீட்டின் அருகே, விடுதலைக்காக உயிர் கொடுக்க வந்து நிற்கும் அவர்தம் மக்களை, கைக்கு எட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு கதவை மூடியிருப்பது எத்தகைய தூய்மை? நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று பலமுறை எண்ணியும் விடை எளிதாகக் கிட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அவ்வம்மையார் தமக்கு எளிதானதைத் தேர்ந்துகொள்ளவில்லை.

அம்முகாமில் ஏறத்தாழ 11,000 பேர் பயிற்சி பெற்றனர். பதினொரு படைப்பிரிவுகள் அங்கிருந்து புறப்பட்டன. அவற்றுள் எட்டாம் பிரிவு 1864 பிப்ரவரி 20-ஆம் நாள் ஃபுளோரிடாவில் ஓலஸ்டி என்னுமிடத்தில் முதன்முதலாகக் களம் கண்டது. அந்த ஒரு நாளிலேயே 300-க்கு மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போயினர். சாலையில் அவர்கள் அணிவகுத்துச் சென்றதைக் கண்ட கண்களுக்கு அச்செய்தி எவ்வாறு இருந்திருக்கும்! உயிர் கொடுக்கச் சென்ற இவர்களுக்கு அரசு தந்த ஊதியமும் குறைவே. வெள்ளை வீரருக்குத் திங்களுக்கு 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். 1864 ஜூனில்தான் சம ஊதியச் சட்டம் வந்தது. நைன் பார்ட்னர்ஸ் பள்ளியில் இளம் ஆசிரியை கண்ட அதே கணக்கு, வேறு தோலின் மேல்.

இன்னொரு கொடுமையும் இருந்தது. பிலடெல்பியாவின் குதிரை டிராம் வண்டிகளில் கறுப்பினத்தாரை உள்ளே அமர விடுவதில்லை. முகாமில் இருந்த கணவரையும் மகனையும் காண வந்த பெண்களும் நடந்தே செல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் மழையில், முதிய கறுப்பினப் பெண் ஒருவரை வண்டியின் வெளிப்படியில் நிற்க வைத்திருந்ததைக் கண்ட லுக்ரீஷியா, தம் இருக்கையை விட்டெழுந்து வெளியே சென்று அவருடன் மழையில் நின்றாராம். பயணியர் நாணி, இருவரையும் உள்ளே அழைக்குமாறு நடத்துநரை வேண்டினராம். அவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் நமக்கு மிகவும் பிடித்தது இதுவே. மண்டபம் எரிந்த நாளில் கை கோத்து நடந்ததும், நீதிமன்றத்தில் விடியும்வரை அருகமர்ந்ததும், முகாமில் நின்றதும், மழையில் நின்றதும் ஒரே செயல்தான். துன்புறுவோர் இருக்குமிடத்தில் போய் உடனிருப்பது. வண்டிகளில் நிறவேற்றுமையை விலக்கும் மாநிலச் சட்டம் 1867-இல் வந்தது.

போர் 1865-இல் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அரசியல் சட்டத் திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்தது. தாம் ஆயுதமின்றி அடைய விழைந்தது ஆயுதத்தால் வந்தது. அவர் அதனை மகிழ்ந்து ஏற்றார்; ஆனால் போர் நன்று என்று ஒருநாளும் கூறவில்லை. வெற்றிக் களிப்பில் நாடே படைவீரத்தைப் பாடிக்கொண்டிருந்த 1866-இல் பென்சில்வேனியா அமைதிச் சங்கம் தோன்றியது. எழுபத்து மூன்று வயதில் அதில் இணைந்து, பின் அதன் தலைவராகப் பல ஆண்டுகள் உழைத்தார். கேட்பார் குறைவான காலம். ஆண்டுதோறும் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

1868 சனவரியில் கணவர் ஜேம்ஸ் நிமோனியாக் காய்ச்சலால் காலமானார். அவ்விழப்பின் பின்னும் பணி நிற்கவில்லை. குவேக்கர் நிறுவிய சுவார்த்மோர் கல்லூரி 1869 நவம்பரில் திறக்கப்பட்டபோது சென்று ஓக் மரக்கன்றுகளை நட்டார். ஆணும் பெண்ணும் சமமாகப் பயிலும் கல்லூரி அது. 1878-இல் எண்பத்தைந்து வயதில், பெண்ணுரிமை மாநாட்டின் முப்பதாம் ஆண்டு விழாவுக்காக ராச்செஸ்டர் நகர்வரை பயணம் செய்தார்.

1880 நவம்பர் 11-ஆம் நாள் ரோட்சைடு இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. பிலடெல்பியாவில் ஃபேர் ஹில் என்னும் குவேக்கர் இடுகாட்டில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். அங்கும் மௌனமே. நெடுநேரம் கழித்து, ஒருவருமே பேச மாட்டீர்களா என்று யாரோ மெல்லக் கேட்க, பேசுபவர்தாம் போய்விட்டாரே, இனி யார் பேசுவது என்று மற்றொருவர் விடை கூறினாராம்.

முகாமின் கொட்டகைகள் போர் முடிந்ததும் பிரிக்கப்பட்டன. அந்நிலத்தை டேவிஸ் மனைகளாகப் பகுத்து விற்றார். கறுப்பினக் குடும்பங்களும் வெள்ளையினக் குடும்பங்களும் அங்கே வீடு கட்டி அண்டை வீட்டாராயினர். முதலில் முகாமூர் என்ற பொருளில் அதனை கேம்ப்டவுன் என்று அழைத்தனர். பின்னர் அவ்வூருக்கு லா மோட் என்று அவர் பெயரையே இட்டனர். இன்றும் அப்பெயரே வழங்குகிறது.